கண்ணுக்குக் கீழே கோடு விழும் கன்சீலர்: விற்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்

அழகுசாதனப் பொருட்கள் விற்கும் எமது கடைகளில் திரும்பி வரும் சரக்கு என்று ஒரு பெட்டி எப்போதும் இருக்கும். அந்தப் பெட்டியைக் கிளறிப் பார்த்தால் அதில் கன்சீலர் நிச்சயம் கிடக்கும். கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையத்தை மறைப்பதற்காகப் பூசும் அந்தச் சிறிய குப்பியைப் பற்றித்தான் சொல்கிறேன். "பூசி அரை மணித்தியாலத்தில் கோடு கோடாக விழுகிறது, சாமான் சரியில்லை" என்பதுதான் வாடிக்கையாளரின் முறைப்பாடு. கடைக்காரர் என்ன செய்கிறார்? ஒன்றில் வாய்த் தர்க்கத்துக்குப் போகிறார், அல்லது முகத்தைச் சுளித்துக்கொண்டு காசைத் திருப்பிக் கொடுக்கிறார். இரண்டிலும் அவருக்கு நட்டம்தான்.

சகோதர வர்த்தகர்களே, இதை ஒரு கணக்காகப் பாருங்கள். உதாரணத்துக்கு ஒரு கன்சீலரை 1,400 ரூபாவுக்கு வாங்கி 1,800 ரூபாவுக்கு விற்கிறீர்கள் என்று வைப்போம். இலாபம் 400 ரூபா. திறந்து பாவித்த ஒன்றைத் திருப்பி எடுத்துக் காசைக் கொடுத்தால் அந்த 400உம் போய், முதல் 1,400உம் போகிறது. அதை ஈடுசெய்ய இன்னும் நான்கு கன்சீலர் விற்க வேண்டும். ஒரு டசினில் மூன்று திரும்பி வந்தால் மிச்சம் ஒன்பதில் வரும் இலாபம் 3,600, நட்டம் 4,200. ஒரு டசின் விற்றுவிட்டுக் கையிலிருந்து 600 ரூபா போட்டிருக்கிறீர்கள். கடை வாடகையும் மின்சாரக் கட்டணமும் இதற்கு வெளியே.

திரும்பி வந்த குப்பியைத் துடைத்து மறுபடியும் ஷோகேஸில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். இதை நான் கடுமையாகவே சொல்கிறேன்: அது செய்யக்கூடாத வேலை. ஒரு பெண்ணின் கண்ணோரத்தில் பட்ட தூரிகை குப்பிக்குள் போய் வந்துவிட்டது. அதை இன்னொரு பெண்ணின் கண்ணுக்குக் கொடுப்பது வியாபாரம் ஆகாது.

ஆகவே செய்யக்கூடியது ஒன்றுதான். கோடு ஏன் விழுகிறது, அதை எப்படித் தடுப்பது என்பதை விற்கிறவர் அறிந்து, விற்கும்போதே இரண்டு வார்த்தை சொல்லிக் கொடுப்பது. எனது அனுபவத்தில், கோடு விழுகிறது என்று வரும் முறைப்பாடுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பொருளல்ல, பூசும் முறை.

கோடு ஏன் விழுகிறது?

கண்ணுக்குக் கீழே உள்ள தோல் உடம்பிலேயே மிக மெல்லிய தோல்களில் ஒன்று. ஏறக்குறைய அரை மில்லிமீற்றர்தான் இருக்கும். அதற்கடியில் கண்ணைச் சுற்றி வளையமாக ஒரு தசை ஓடுகிறது. நாம் கண் சிமிட்டும்போதும் சிரிக்கும்போதும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கும்போதும் அந்தத் தசை இழுபட்டு மேலேயுள்ள தோலை மடிக்கிறது. மனிதன் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 15 தடவை கண் சிமிட்டுகிறான் என்று எடுத்தால், எட்டு மணித்தியாலத்தில் 7,000 தடவைக்கு மேல். இவ்வளவு தடவை மடிந்து விரியும் இடத்தில் எதைத் தடவினாலும் அது மடிப்புக்குள் போய்ச் சேரத்தான் செய்யும்.

பை, செருப்பு வியாபாரம் செய்கிறவர்களுக்கு இது இலகுவாக விளங்கும். ரெக்சின் பையின் மடிப்பில் தடிப்பாகப் பெயின்ட் பூசிப் பாருங்கள். இரண்டு தடவை திறந்து மூடினால் வெடித்துவிடும். அதே இடத்தில் மெல்லிய சாயம் ஏற்றினால் மாதக்கணக்கில் நிற்கும். கன்சீலரும் அப்படித்தான். தடிப்பாகப் பூசியது ஒதுங்கும். மெல்லியதாகப் பூசியது தோலோடு சேர்ந்து அசையும்.

குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். முகம் முழுவதும் பூசும் பவுண்டேஷனை விடக் கன்சீலரில் நிறமிகள் அதிகம். வெள்ளைக்கு டைட்டானியம் டயொக்சைட், மஞ்சள், சிவப்பு, கறுப்புச் சாயல்களுக்கு இரும்பு ஒக்சைட். இவற்றைத் தாங்கி நிற்க எண்ணெய், மெழுகு, சிலிக்கோன், தண்ணீர். குச்சி வடிவக் கன்சீலர் 1954இல் மெக்ஸ் பெக்டரின் 'இரேஸ்' மூலம் கடைகளுக்கு வந்த காலத்திலிருந்து மெழுகு வகைதான் நீண்ட காலம் ஓடியது. அது நன்றாக மறைக்கும், ஆனால் பாரம். இப்போது அதிகம் ஓடுவது திரவ வகை. நீண்ட நேரம் நிற்கும் திரவ வகைகள் பலவற்றில் உடனே ஆவியாகிப் போகும் திரவம் ஒன்று சேர்க்கப்பட்டிருக்கும். பூசிய சற்று நேரத்தில் அது பறந்துபோய், நிறம் மட்டும் மெல்லிய படையாக இறுகி நிற்கும். அப்படி இறுகுவதற்கு முன்னர் பரப்பி முடிக்க வேண்டும். இறுகிய பிறகு தேய்த்தால் படை உருண்டு உருண்டு வரும். மடிப்போடு இறுகவிட்டால் மடிப்பும் அப்படியே நின்றுவிடும்.

காரணங்களில் முதலாவது, அளவுக்கு மிஞ்சிப் பூசுவது. இரண்டாவது, அடியில் எண்ணெய்ப் பசை. கண்ணுக்குக் கீழே வசலினோ தேங்காய் எண்ணெயோ பாரமான கிறீமோ தடவிவிட்டு அதன் மேலே கன்சீலர் போட்டால் அது வழுக்கிக்கொண்டு மடிப்பில் போய் நிற்கும். மூன்றாவது இதற்கு நேர்மாறு: வரண்ட தோல். ஏ.சி. அறையில் நாள் முழுக்க வேலை செய்யும் பெண்களுக்கும் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கும் இது சகஜம். அந்த இடத்தில் எண்ணெய்ச் சுரப்பிகள் ஏற்கனவே குறைவு. வரண்ட தோல் கன்சீலரில் உள்ள ஈரத்தை உறிஞ்சிவிட, நிறம் மட்டும் மாப்போலக் கோட்டுக்குள் நிற்கும்.

நாலாவது காரணம் எமது நாட்டுக்கே உரியது. வெயிலும் வியர்வையும். கொழும்பில் பகலில் 30 பாகைக்கு மேல் போகும் வெப்பமும் காற்றில் உள்ள ஈரமும் சேர்ந்தால் குளிர் நாட்டுக்கென்று எழுதப்பட்ட பாவனை முறை இங்கே சரிவராது. பெட்டியில் 12 மணித்தியாலம், 24 மணித்தியாலம் நிற்கும் என்று எழுதியிருப்பதை வாடிக்கையாளருக்கு நீங்கள் உறுதிமொழியாகச் சொல்ல வேண்டாம். பஸ்ஸில் புறக்கோட்டைக்கு வந்துபோகும் பெண்ணின் முகத்தில் அது அவ்வளவு நேரம் நிற்குமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

என்ன சொல்லிக் கொடுக்கலாம்?

முகத்தைக் கழுவித் துடைத்த பின் கண்ணுக்குக் கீழே இலேசான கிறீம் அல்லது ஜெல் ஓர் அரிசிமணி அளவு. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து அவ்வளவே போதும். பூசிவிட்டு ஐந்து நிமிடம் விட வேண்டும். பலரும் விடும் பிழை இந்த ஐந்து நிமிடத்தை விழுங்கிவிடுவதுதான். அந்த நேரத்தில் உடுப்பு மாற்றட்டும், பிள்ளைக்குத் தலை வாரட்டும். பிறகு ஒரு டிஷ்யூவை மெதுவாக வைத்து அழுத்தி, மேலே மிஞ்சியிருக்கும் பசையை எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது நிறம் திருத்தும் கிறீம், கரெக்டர் என்பார்கள். இதை எமது கடைக்காரர்கள் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை என்பது எனது எண்ணம். எமது பெண்களின் கருவளையம் பெரும்பாலும் நீலமும் மண்ணிறமும் கலந்தது. அதன் மேல் வெளிறிய கன்சீலரைப் பூசினால் சாம்பல் நிறமாகத் தெரியும். அது தெரியாமல் இருக்க இன்னொரு பூச்சு, அதற்கு மேல் இன்னொன்று என்று போய், கடைசியில் தடிப்பாகிக் கோடு விழும். நீலத்தை அடக்குவது செம்மஞ்சள். மாநிறத்துக்கும் அதற்கு மேல் கறுத்த நிறத்துக்கும் செம்மஞ்சள், வெள்ளைத் தோலுக்குப் பீச் நிறம். இதை விரல் நுனியில் தொட்டு மிக மெல்லியதாக வைத்தால் மேலே போடும் கன்சீலர் பாதியாகக் குறையும். கன்சீலர் குறைந்தால் கோடும் குறையும்.

கன்சீலர் பூசும்போது கண்ணுக்குக் கீழே பெரிய முக்கோணம் வரையச் சொல்லிச் சில வீடியோக்களில் காட்டுகிறார்கள். அது கெமராவுக்குச் செய்வது. வீட்டிலிருந்து வெளிக்கிடும் பெண்ணுக்கு மூக்கோரம் உள்ள கண் மூலையில் ஒரு பொட்டு, வெளி மூலையில் ஒரு பொட்டு போதும். கருமை கூடிய இடம் பெரும்பாலும் அந்த உள் மூலைதான். இமை மயிரின் ஓரம் வரை இழுக்கத் தேவையில்லை. அந்த இடம்தான் கூடுதலாக மடியும். மோதிர விரலால் தட்டித் தட்டிப் பரப்ப வேண்டும். அந்த விரல் அதிகம் அழுத்தாது. தேய்க்கக் கூடாது. ஸ்பொஞ்ச் பாவிப்பதென்றால் நனைத்து நன்றாகப் பிழிந்து எடுத்தது. உலர்ந்த ஸ்பொஞ்ச் கன்சீலரைக் குடிக்கும், தோலையும் இழுக்கும்.

இனி முக்கியமான கட்டம். பூசி அரை நிமிடமளவில் பொறுத்துக் கண்ணாடியைப் பார்த்தால் மெல்லிய கோடுகள் விழத் தொடங்கியிருக்கும். அப்போது கண்ணை மேலே உயர்த்தி, அந்தக் கோடுகளை விரலால் தட்டி மட்டமாக்கி, பார்வையை இறக்காமல் அப்படியே மெல்லிய பவுடரைச் சிறிய பிரஷ்ஷாலோ பஞ்சாலோ ஒற்றிவிட வேண்டும். கோடு இருக்கும்போது பவுடர் போட்டால் கோட்டைப் பூட்டி வைத்த மாதிரி. கோட்டை எடுத்துவிட்டுப் போட்டால் மட்டமான நிலை பூட்டப்படும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் திரும்பி வரும் குப்பிகளில் பாதி இந்த இடத்தில்தான் பிழைத்திருக்கின்றன.

பவுடரும் அளவோடு. பிரஷ்ஷில் எடுத்து ஒரு தட்டுத் தட்டி மிச்சத்தை உதிர்த்த பிறகே முகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கண்ணுக்குக் கீழே பவுடரைக் குவித்து ஐந்து பத்து நிமிடம் விட்டுத் துடைக்கும் முறை ஒன்று இருக்கிறது, 'பேக்கிங்' என்று சொல்வார்கள். மேடை, ஸ்டூடியோ வெளிச்சத்துக்காக வந்த முறை அது. இருபது வயதுப் பிள்ளையின் எண்ணெய்ப் பசையுள்ள தோலில் எடுபடலாம். ஐம்பது வயதுத் தாய்க்கு அதைச் சொல்லிக் கொடுத்தால் பத்து வயது கூட்டிக் காட்டும். வரண்ட தோலுள்ளவர்களுக்கு உள் மூலையில் மட்டும் துளி பவுடர் போதும், சிலருக்கு அதுவும் வேண்டாம்.

மத்தியானம் கோடு விழுந்தால் அதன் மேலே திரும்பக் கன்சீலர் போடக் கூடாது. டிஷ்யூவால் ஒற்றி, சுத்தமான விரலால் தட்டி மட்டமாக்கி, தேவையென்றால் துளி பவுடர். வுழூச் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீர் படாமல் தடுக்கும் 'வோட்டர்புரூப்' வகையைத் தேடி வாங்கிவிட்டுப் பிறகு ஒவ்வொரு நேரமும் கழுவி எடுக்கச் சிரமப்படுகிறார்கள். அவர்களுக்கு இலகுவாகக் கழுவக்கூடிய இலேசான வகையைக் காட்டுங்கள். தேய்த்துத் தேய்த்து எடுத்தால் அந்த மெல்லிய தோல் இன்னும் கறுக்கும்.

பெட்டியில் உள்ள பெயர்கள்

கோடு விழாமல் உருண்டு உருண்டு வருகிறது, திட்டுத் திட்டாகப் பிரிகிறது என்று வரும் முறைப்பாடு வேறு. இது கீழே பூசியதும் மேலே பூசியதும் ஒத்துப்போகாததால் பல நேரம் வருகிறது. பெட்டியில் உள்ள சேர்மானப் பட்டியலில் கூடுதலாக உள்ளது முதலில் வரும். முதல் ஐந்து பெயர்களுக்குள் 'கோன்' அல்லது 'சிலொக்சேன்' என்று முடியும் பெயர்கள் இருந்தால் அதில் சிலிக்கோன் நன்றாகவே இருக்கிறது என்று அர்த்தம். தண்ணீரும் கிளிசரினும் மாத்திரம் முன்னால் நின்றால் அது தண்ணீர் வகை. அடியில் பூசும் பிரைமரும் மேலே பூசும் கன்சீலரும் ஒரே வகையாக இருப்பது பாதுகாப்பு. விற்பனையில் நிற்கும் பிள்ளைக்கு இதை ஒரு தடவை காட்டிக் கொடுத்தால் போதும், ஷெல்ஃபில் எதற்குப் பக்கத்தில் எதை அடுக்குவது என்பது தானாகவே தெரியும்.

கடையில் செய்து காட்டுவது எப்படி?

எமது கடைகளில் ஆண்கள்தான் பெரும்பாலும் நிற்கிறார்கள். வாடிக்கையாளரின் முகத்தைத் தொட்டுக் காட்ட முடியாது, அது தேவையுமில்லை. நான் கையாளும் முறை ஒன்று இருக்கிறது. டெஸ்டரிலிருந்து பஞ்சுக்குச்சியால் சிறிது எடுத்துக் கொடுத்து, அவருடைய மணிக்கட்டின் உட்பக்க மடிப்பில் அவரையே ஒரு பக்கம் தடிப்பாகவும் மறு பக்கம் மெல்லியதாகவும் பூசச் சொல்வேன். பிறகு கையைப் பத்துத் தடவை மடக்கி விரிக்கச் சொன்னால் தடிப்பான பக்கத்தில் கோடு விழுந்திருக்கும். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. ஒரு குச்சி ஒருவருக்கு மட்டும். டெஸ்டர் குப்பியின் தூரிகையை யாருடைய கண்ணுக்கும் கொண்டுபோக விடாதீர்கள்.

நிறம் பார்ப்பதற்கு மணிக்கட்டு சரிவராது, முகத்தின் நிறம் வேறு. கன்னத்தோரம் வைத்து, கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். ரியூப் லைட்டில் எடுத்த நிறம் வீட்டுக்குப் போனதும் மாறும். தோலின் நிறத்துக்குச் சமம், அல்லது ஒரு படி வெளிர் போதும். இங்கே ஒரு விடயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். மூன்று படி வெளிறிய நிறத்தைக் காட்டி "இதைப் பூசினால் வெள்ளையாகத் தெரிவீர்கள்" என்று விற்கிற பழக்கம் எம்மவரிடம் இருக்கிறது. அந்த நிறத்தை மறைக்க அந்தப் பெண் பவுண்டேஷனைக் கூட்ட வேண்டும், பவுடரைக் கூட்ட வேண்டும், முடிவில் கோடு. திரும்பி வருவது அந்தக் குப்பிதான். கொள்வனவு செய்யும்போதும் நடு நிறங்களைக் கூட எடுங்கள். வெளிறிய நிறங்கள் எமது கடைகளில் தூசி படிந்து காலாவதியாகத்தான் கிடக்கின்றன.

மணப்பெண் அலங்காரம் செய்யும் பெண்கள் உங்கள் கடைக்கு வருவார்களானால் அவர்களைத் தனியாகக் கவனியுங்கள். அப்படி மூன்று நான்கு பேர் நிரந்தரமாக வந்தால் சிறிய கடையொன்று அவர்களைக் கொண்டே ஓடும். அவர்களுக்குக் கோடு விழுவது சின்ன விடயமல்ல. கலியாண வீட்டில் எடுத்த போட்டோ ஆயுளுக்கும் நிற்கும். பவுடர் விடயத்தில் அவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சிலிக்கா அதிகமுள்ள வெள்ளைப் பவுடர் கண்ணாடியில் தெரியாது, ஆனால் கெமராவின் பிளாஷ் வெளிச்சத்தில் கண்ணுக்குக் கீழே வெள்ளைத் திட்டாகத் தெரியும். நிகாஹ் மேடைக்கு முன்பாகவே பிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்ப்பது நல்லது.

சரக்கின் குற்றம் எப்போது?

எல்லாவற்றுக்கும் பாவித்தவரைக் குறை சொல்லவும் முடியாது. வெயில் விழும் ஷோகேஸில் வைத்த கன்சீலரில் எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும். குலுக்கியும் சேரவில்லை என்றால் அது விற்கக்கூடிய சரக்கல்ல. மணமும் மாறியிருந்தால் சொல்லத் தேவையில்லை. வேனில் மத்தியானம் முழுக்க அடைத்து வைத்துக் கொண்டுவரும் பெட்டிகளையும் திறந்து பாருங்கள். திறந்த மூடியோடு ஒரு குப்பியின் சிறிய படமும் அதில் '12 எம்' என்றும் இருந்தால் திறந்து 12 மாதத்துக்குள் பாவிக்க வேண்டும் என்று பொருள். பெட்டியின் காலாவதித் திகதி வேறு, இது வேறு. உங்கள் டெஸ்டருக்கும் இது பொருந்தும். திறந்த திகதியை ஒரு ஸ்டிக்கரில் எழுதி அடியில் ஒட்டுங்கள்.

2022இல் டொலர் நெருக்கடியால் இறக்குமதிக்குத் தடை வந்தபோது வாசனைத் திரவியம், ஷாம்பூ, மேக்கப் சாமான்களும் அதில் அகப்பட்டன. அந்தக் காலத்தில் பெயர்பெற்ற கம்பனிகளின் பெயரில் போலிச் சரக்கு நிறையவே சந்தையில் புழங்கியது. இப்போதும் இல்லையென்று சொல்ல முடியாது. பெட்டியிலுள்ள தொகுதி இலக்கமும் குப்பியிலுள்ளதும் ஒன்றா, இறக்குமதியாளரின் பெயரும் விலையும் திகதியும் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை அதிகாரிகள் வந்தால் பிடிபடுவது உங்களுக்குச் சரக்குக் கொடுத்த மொத்த வியாபாரி அல்ல, கடையில் வைத்து விற்ற நீங்கள்.

நண்பர் ஒருவர் கேட்டார், "இவ்வளவும் சொல்லிக் கொடுத்தால் குறைவாகத்தானே பாவிப்பார்கள், ஒரு குப்பி ஆறு மாதம் போகுமே, எனக்கென்ன இலாபம்?" என்று. கேள்வி நியாயமானது. குப்பி ஆறு மாதம் போகட்டும். அந்தப் பெண் அதோடு சிறிய பவுடர், கரெக்டர், ஸ்பொஞ்ச் மூன்றையும் உங்களிடம் எடுக்கிறாள், அடுத்த தடவை தங்கையையும் மதினியையும் கூட்டிக்கொண்டு வருகிறாள். பெருநாள் சீசனில் இந்த வித்தியாசம் கல்லாவில் தெரியும். ஆனால் மூன்றும் எல்லோருக்கும் தேவையில்லை. முகம் மினுமினுவென்று இருக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் கரெக்டரைத் திணிக்க வேண்டாம். கண் குழிந்து, முகம் வெளுத்து, களைப்போடு வருகிறவரின் கருவளையத்துக்கு இரத்தச் சோகையோ நித்திரைக் குறைவோ காரணமாக இருக்கலாம். அவரை மருத்துவரிடம் காட்டச் சொல்வதால் உங்கள் ஒரு விற்பனை போகலாம், போகட்டும்.

டெஸ்டர்களுக்கு ஆகும் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது, கம்பனிப் பிரதிநிதியிடம் அதை எப்படிக் கேட்டு வாங்குவது என்று சிலர் தொலைபேசியில் கேட்டிருந்தார்கள். அதை அடுத்த வாரம் பார்ப்போம்.